பெட்டிக்கும் குளிரும்

டெஸ்ட் பெஞ்சுக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. எட்டாவதோடு நின்றவன். சீல் அடிக்கிற பிளையரை உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அது என் கையில் பல வருஷம் இருந்தது. நடுவில் ஆறு மாதம் இல்லை. அந்த ஆறு மாதம் எதற்காக என்று சொல்லிவிடுகிறேன். ஒயர் எங்கே போகும், திருகு எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள்.

எண்பதுகளில் நாங்கள் பெருங்களத்தூரில் இருந்தோம். எங்கள் முதலாளியின் அப்பா நெல் போட்ட நிலம். அதில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். பதினோரு பேர். அந்தப் பதினோரு பேரில் உறைபனியைக் கண்ணால் பார்த்தவர் ஒருத்தர் கிடையாது. மார்கழி விடிகாலையில் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வோம். எங்களுக்குக் குளிர் என்றால் அவ்வளவுதான். அந்த நாங்கள்தான் மலையில் பழத் தோட்டத்தைக் குளிரிலிருந்து காப்பாற்றும் பெட்டி செய்தோம். ஃபிட்டர் ஏழுமலை சொல்வான்: "கடலே பாக்காதவன் வலை பின்ற மாதிரி கீதுண்ணா நம்ம பொழப்பு."

பெட்டியின் வேலை உங்களுக்குத் தெரியும். அன்றைய பெட்டி எப்படி என்று தெரிந்தால் போதும். மலையில் பேரி, ப்ளம்ஸ் மரங்கள் தை மாசியில் பூக்கும். அப்போது ஒரு விடியலில் உறைபனி விழுந்தால் பூ கருகிவிடும். அந்த வருஷம் காய் இல்லை. அதனால் மரங்களுக்கு நடுவே மண்ணெண்ணெய் அடுப்புகளை வரிசையாக வைப்பார்கள். ஆள் இல்லாமல் அவற்றைப் பற்றவைப்பது பெட்டி. அது ஒரு கம்பத்தில் வெளியே நிற்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று போகும். அதன் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு குமிழ். குமிழை மரத்தடியில் தாழ்வாகக் கட்டிவிடுவார்கள். குளிர் கூடினால் குமிழில் இருக்கிற திரவம் சுருங்கும். பெட்டிக்குள் நெம்புகோல் சாயும். டக் என்று சத்தம் வரும். பேட்டரி கரண்ட் ஓடி அடுப்புகள் பற்றிக்கொள்ளும். டக் வந்தால் பூ பிழைத்தது. வராவிட்டால் இல்லை.

அந்த டக் வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஐஸ் பேக்டரியிலிருந்து கோணியில் சுற்றிய ஐஸ் பார் வரும். உடைத்து பக்கெட்டில் போட்டு உப்பு கலந்து, குமிழை அதில் முக்குவேன். மூன்று தடவை டக் வந்தால் பெட்டியை மூடுவேன். கம்பி கோத்து ஈய வில்லையை பிளையரால் அழுத்துவேன். வில்லையில் என் நம்பர் விழும். ஏழு.

எனக்கு முன்னால் அந்த பெஞ்சில் இருந்தவர் பெயர் வேண்டாம். நல்ல கைவேலைக்காரர். அவருக்கு நான்கு மாதம் பக்கெட் தூக்கினேன். ஐஸ் வர நேரமானால் டெஸ்ட் பார்க்காமலே சீல் அடிப்பார். எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. ஒரு நாள் முதலாளி அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே நெம்புகோலே இல்லை. மாட்ட மறந்திருக்கிறார்கள். சீல் மட்டும் அழகாக இருந்தது. அன்று சாயங்காலமே அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிளையர் எனக்கு வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு எதன் மேலும் நம்பிக்கை இல்லை. தெர்மாமீட்டர் பொய் சொல்கிறதா என்று இன்னொரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பேன். ஸ்டோரிலிருந்து வருகிற திருகை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பேன். ஏழுமலை பூட்டிய பெட்டியைக் குலுக்கிப் பார்ப்பேன். அவனுக்குக் கோபம் வரும். எனக்கு டவுட்டண்ணா என்று பெயர் வைத்தான். அந்தப் பேரே நிலைத்துவிட்டது. "உன் பேராவது உனுக்குக் கரெக்டா தெரியுமா, இல்ல அதுலயும் டவுட்டா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பான். நான் அடுத்த பெட்டியை எடுப்பேன். குலுக்கிப் பார்ப்பேன்.

ஒரு ஐப்பசி மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் வந்தது. அனுப்ப வைத்திருந்த பெட்டிகளில் நெம்புகோல் சுழலும் ஆணி துருப்பிடித்துவிட்டது. பன்னிரண்டு பெட்டியைப் பிரித்து மறுபடி செய்தோம். அதிலிருந்து நான் ஒரு வேலை செய்தேன். மூடுவதற்கு முன்னால் அந்த ஆணியில் விரலால் கொஞ்சம் கிரீஸ் வைத்துவிடுவேன். லாரி அச்சுக்குப் போடுகிற மஞ்சள் கிரீஸ். யாரும் சொல்லவில்லை. டிராயிங்கில் இல்லை. ஏழுமலை ஒரு தடவை கேட்டான், படத்தில் இல்லையே என்று. படம் போட்டவருக்கு நம் ஊர் மழை தெரியாது என்றேன். அப்புறம் துரு வரவே இல்லை. முதலாளி எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த தை மாதக் கடைசியில் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். பெருங்களத்தூர் வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருந்தார். கையில் நம் பெட்டி ஒன்று, துணியில் சுற்றி. ராத்திரி முழுக்க ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். பெயர் ரங்கன். கோத்தகிரிக்கு மேலே ஒரு தோட்டத்தில் வாட்ச்மேன். அவர் முதலாளி கொடுத்த கடிதத்தையும் நீட்டினார். இங்கிலீஷில் இருந்தது. ஆபீஸில் டைப் அடிக்கிற டெய்சி மேடம் வாங்கிப் படித்தார். படித்துக்கொண்டே ஒரு தடவை ரங்கனைப் பார்த்தார். அப்புறம் எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

பத்து நாளுக்கு முன்னால் தோட்டத்தில் உறைபனி விழுந்திருக்கிறது. அடுப்புகள் பற்றவில்லை. பூ மொத்தமும் போய்விட்டது. வெயில் வந்த பிறகுதான் அடுப்புகள் பற்றி எரிந்திருக்கின்றன. வேலைக்கு வந்த பெண்கள் பார்த்திருக்கிறார்கள். இந்த வாட்ச்மேன் பெட்டியின் பேட்டரியைக் கழற்றி வீட்டில் ரேடியோவுக்கு மாட்டிக்கொள்கிறவன். அன்று ராத்திரியும் அப்படிச் செய்துவிட்டுத் தூங்கியிருக்கிறான். காலையில் எழுந்து கொண்டுவந்து மாட்டியிருக்கிறான். பெட்டி சரியாக இருக்கிறது என்று மட்டும் நீங்கள் எழுதித் தாருங்கள். இவனை அனுப்பிவிடுகிறேன். கடிதத்தில் இருந்தது இவ்வளவு.

தன்னை வேலையை விட்டுத் துரத்துகிற கடிதத்தை அவரே கொண்டுவந்திருந்தார். அவருக்கு அது தெரியாது. இல்லை, தெரியும் என்று அப்புறம் புரிந்தது. இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் பெட்டியோடு ஆளை ஏன் அனுப்புகிறார்கள் என்று தெரியாதா.

முதலில் சீலைப் பார்த்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். என் ஏழுதான். யாரும் தொடவில்லை. பிறகு ஆளைப் பார்த்தேன். ஐஸ் கோணி மேல் உட்கார்ந்திருந்தார். வேலை போனால் வீடும் போகும், தோட்டத்து லைன் வீடு அது, பெண்சாதி அதே முதலாளியின் தேயிலையில் கொழுந்து பறிக்கிறாள், பெண் ஒன்பதாவது படிக்கிறாள் என்று ஏழுமலையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதுவும் சந்தேகமாக இருந்தது. கேட்காமலே குடும்பக் கதை சொல்கிறவனை நான் நம்புவதில்லை.

புது பேட்டரி மாட்டி, குமிழை பக்கெட்டில் முக்கினேன். டக். வெளியே எடுத்து ஆறவிட்டு மறுபடி முக்கினேன். டக். பத்து தடவை செய்தேன். பத்தும் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஷெட்டில் எல்லோரும் ரங்கனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் முதலாளிக்கு நிம்மதி. இன்னும் நாற்பது பெட்டிக்கு ஆர்டர் பேச்சில் இருந்தது. இது பழுது என்றால் அது நிற்கும். அது நின்றால் ஷெட் நிற்கும். அதை அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

நான் ரங்கனிடம் போய் ரேடியோவைப் பற்றிக் கேட்டேன். இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"ரேடியோ கேட்டேனுங்க" என்றார். "பகல்லதானுங்க. சாயங்காலம் கொண்டாந்து மாட்டிருவனுங்க."

"முடிஞ்சிது போ. ஆளே ஒத்துக்கினாரு" என்றான் ஏழுமலை.

எனக்கும் முடிந்துவிட்டது. பேட்டரியைத் தொட்டவன் எல்லாவற்றையும் தொடுவான். டெய்சி மேடம் கடிதம் அடித்துக் கொண்டுவந்தார். பெட்டி பரிசோதிக்கப்பட்டது, நல்ல நிலையில் உள்ளது. கீழே என் கையெழுத்துக்கு இடம். பேனாவை எடுத்தேன்.

போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டேன். அவர் மேல் இரக்கம் வந்து கேட்டதில்லை. நான் எதையும் ஒரு தடவை கூடுதலாகக் குலுக்கிப் பார்க்கிறவன். அவ்வளவுதான். அன்று விடியலில் நீ எங்கே இருந்தாய் என்றேன்.

ரங்கன் சொன்னது இது. ராத்திரி பெட்டிப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். பேட்டரி இருந்தால் எரியும் பச்சை விளக்கு விடிய விடிய எரிந்தது. புல் வெள்ளையாகிவிட்டது. டக் மட்டும் வரவில்லை. கையால் பற்றவைக்கலாம் என்றால் அடுப்பு மூடிகளுக்குப் பூட்டு. மண்ணெண்ணெய் திருட்டுப் போகிறது என்று தோட்ட முதலாளி பூட்டுப் போட்டிருந்தார். சாவி அவர் இடுப்பில். அவர் கோயமுத்தூரில்.

"அப்புறம் எப்படிப் பத்துச்சு?"

"வெயில் பொட்டி மேல விழுந்துச்சுங்க. ரெண்டு பீடி நேரம் இருக்கும். டக்குனு வந்துச்சு. எல்லாம் எரிஞ்சுது. எரிஞ்சு யாருக்கு என்னங்க."

ஷெட்டில் ஒருத்தர் சிரித்தார். குளிருக்குப் பற்றாத அடுப்பு வெயிலுக்குப் பற்றியதாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிறைய பொய் கேட்டிருக்கிறேன். பொய் சொல்கிறவன் தனக்கு உதவுகிற பொய்யைச் சொல்வான். அடுப்பு பற்றவே இல்லை என்று சொல்லியிருந்தால் அவருக்கு நல்லது. வெயில் வந்தபிறகு பற்றியது என்பதுதான் அவர் கழுத்தில் இருக்கிற கயிறு. அதையே அவரும் சொல்கிறார். இன்னொன்று கேட்டேன். குமிழ் கட்டின இடத்தில் அப்போது வெயில் வந்துவிட்டதா?

"இல்லீங்க. மரத்தடியில எட்டு மணிக்கு மேலதான் வரும். அங்க புல்லு அப்பவும் வெள்ளையாத்தான் கெடந்துது."

பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். குமிழ் ஐஸில் இருந்தது. பெட்டி மேஜை மேல் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மத்தியானத்தில். மேலே கை வைத்தேன். சுட்டது. இத்தனை வருஷத்தில் நான் குமிழுக்குத்தான் குளிர் காட்டியிருக்கிறேன். பெட்டிக்குக் காட்டினதே இல்லை. மலையில் பெட்டியும் வெளியேதான் நிற்கிறது. அதற்கும் குளிரும் என்று பதினோரு பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குத் தெரிந்த குளிர் எல்லாம் ஒரு பக்கெட்டுக்குள் இருந்தது.

பேனாவை வைத்துவிட்டேன். நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். முதலாளி முகம் மாறியது.

படப்பை போகிற ரோட்டில் நமக்கு ஐஸ் தருகிற பேக்டரி இருந்தது. மறுநாள் காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு அங்கே போனோம். நான், ரங்கன், ஏழுமலை. ஏழுமலையை முதலாளி அனுப்பினார். துணைக்கு என்று சொன்னார். என்னைக் கண்காணிக்க என்று எனக்குத் தெரியும். ஏழுமலைக்கும் தெரியும். வழியெல்லாம் அதனால் பேசாமல் வந்தான்.

ஐஸ் பார் அடுக்கி வைக்கிற அறைக்குள் பெட்டியை வைத்தோம். பக்கத்தில் உப்பு ஐஸ் பக்கெட். ஆனால் குமிழை முக்கவில்லை. முதலில் பெட்டி குளிரட்டும் என்றேன். ரங்கன் ஸ்வெட்டரைப் பொத்தான் போட்டுக்கொண்டார். ஊருக்கு வந்ததிலிருந்து அன்றுதான் அவர் முகம் தெளிவாக இருந்தது. ஏழுமலைக்குப் பல் தந்தியடித்தது.

"டிக்கெட்டு எடுக்காம ஊட்டிக்கு இட்டாந்துட்டியேண்ணா."

"இதெல்லாம் எங்க பக்கம் கார்த்திகைங்க" என்றார் ரங்கன். "வெறும் சட்டை போட்டுட்டுத் திரிவோம்."

இரண்டு மணி நேரம். அப்புறம் குமிழை முக்கினேன். பச்சை விளக்கு எரிந்தது. மூன்று பேரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஷெட்டில் இதே குமிழுக்கு நான் வாய்க்குள் இருபது எண்ணுவதற்குள் டக் வரும். எண்ணினேன். இருநூறு போனது. ஐந்நூறு போனது. வரவில்லை.

டக் வர வேண்டும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை மறைக்கவில்லை. வந்தால் ரங்கன் பொய்யன். என் ஏழு நல்ல ஏழு. ஏழுமலை பொறுக்காமல் பெட்டியைத் தட்டக் கை நீட்டினான். கையைப் பிடித்துக்கொண்டேன். தட்டினால் வந்துவிடும். மலையில் அதைத் தட்டினது யார்?

பெட்டியையும் பக்கெட்டையும் அப்படியே வெளியே தூக்கிவந்தோம். குமிழ் ஐஸை விட்டு வெளியே வராமல் பார்த்துக்கொண்டேன். பெட்டியை காம்பவுண்டு சுவர் மேல் வெயிலில் வைத்தோம். ரங்கன் ஒரு பீடி பற்றவைத்தார். அது முடிந்தது. இரண்டாவதை உதட்டில் வைத்துக் குச்சியைக் கிழித்தார்.

டக்.

குச்சி அவர் விரல் வரைக்கும் எரிந்தது. "இதேதானுங்க" என்றார்.

மறுபடி உள்ளே கொண்டுபோய் இரண்டு மணி நேரம் வைத்தேன். அந்த அறைக்குள்ளேயே என் சீலை நானே அறுத்தேன். மூடியைத் திறந்தேன். நெம்புகோலை விரலால் தொட்டேன். பிசைந்த மாவில் குத்தின குச்சி மாதிரி நின்றது. ஆணியைச் சுற்றிக் கிரீஸ். கெட்டிப்பட்டு மெழுகாக இருந்தது. கிரீஸ் வைத்த பெட்டிகள் மலை ஏறின முதல் வருஷம் அது.

ஏழுமலை என்னைப் பார்த்தான். படத்தில் இல்லையே என்று அவன்தான் ஒரு நாள் சொன்னவன்.

ரங்கன் எட்டிப் பார்த்தார். "அது என்னங்க, மஞ்சளா?"

"கிரீஸ்."

"யாருங்க வெச்சது?"

"நான்."

அவர் மூடியை எடுத்து என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஷெட்டுக்குத் திரும்பினோம். முதலாளி ஏழுமலையைத்தான் முதலில் கூப்பிட்டுக் கேட்டார். அண்ணன் சொல்லுவாரு என்று அவன் ஒதுங்கிக்கொண்டான். நான் சொன்னேன். மொத்தம் நான்கு வாக்கியம் இருக்கும். முதலாளி விசிறியை நிறுத்தினார். அவர் கெட்டவர் இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"சீலை நீதானே ஒடச்சே. கிரீஸைத் தொடச்சிட்டு மறுபடி அடி. பெட்டி நல்லா கீதுன்னு எழுதிக் குடு. அது பொய் இல்லியே. தொடச்சப்புறம் நல்லாத்தானே கீது."

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். பொய் சொல் என்று யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். உண்மையையே ஒரு பக்கமாகத் திருப்பி எழுதச் சொல்வார்கள். வெளியே குழாயில் ரங்கன் முகம் கழுவிக்கொண்டிருப்பது ஜன்னலில் தெரிந்தது.

"அந்த ஆளு உனுக்கு இன்னா, மாமனா மச்சானா?" என்றார் முதலாளி.

"இல்ல."

"இங்க பதினோரு வூட்ல அடுப்பு எரியணும்."

எனக்கு நியாயம் பேசத் தெரியாது. கணக்குதான் தெரியும். "கிரீஸ் வெச்ச பெட்டி மலையில இன்னும் முப்பத்தெட்டு நிக்குது" என்றேன். "அதெல்லாம் தாழ்வான தோட்டம். இன்னும் அவ்ளோ குளிர் விழல. விழுற அன்னைக்கு ஒண்ணும் பத்தாது. அப்போ முப்பத்தெட்டு வாட்ச்மேனையும் அனுப்பச் சொல்லி எழுத முடியாது."

பிளையரை மேஜை மேல் வைத்தேன். முதலாளி அதைப் பார்த்தார். எடுக்கவில்லை. டெய்சி மேடத்தைக் கூப்பிட்டார்.

நான் தமிழில் சொன்னேன், அவர் இங்கிலீஷில் அடித்தார். ஓர் இடத்தில் நிறுத்திக் கேட்டார், ஒர்க்கர் என்று பொதுவாகப் போட்டுவிடட்டுமா என்று. நல்ல மனசில்தான் கேட்டார். என் பெயரைப் போடச் சொன்னேன். ரேடியோ விஷயத்தையும் விடவில்லை. பேட்டரியை அவர் பகலில் எடுத்தது தப்புதான், ஆனால் பூ கருகினது அதனால் இல்லை என்று எழுதினோம். அதை விட்டிருந்தால் மிச்சத்தையும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அந்த முப்பத்தெட்டையும் நீயே போய்க் கழுவிவிட்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்றார் முதலாளி. பிளையரை அவரே என் பையில் போட்டார். கழுவின பெட்டிக்கு சீல் வேண்டுமே. திரும்பி வந்ததும் வாங்கிக்கொண்டார். ஆறு மாதம் பேக்கிங்கில் வைக்கோல் திணித்தேன். நாற்பது பெட்டி ஆர்டர் போய்விட்டது. இருபதாக அடுத்த வருஷம் திரும்பி வந்தது. உங்கள் பெஞ்சுக்குப் பின்னால் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு குளிர் அறை இருக்கிறதே, அது அந்த இருபதோடு வந்தது. குமிழோடு பெட்டியும் ஒரு ராத்திரி அதில் தூங்காமல் வெளியே போகக் கூடாது என்பது அன்று வைத்த வழக்கம்.

இதைக் கேட்டுவிட்டு டிராயிங்கில் இல்லாததை எதுவும் செய்யக் கூடாது போலிருக்கிறது என்று நினைக்காதீர்கள். தொண்ணூறுகளில் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இடம் மாறினோம். நெம்புகோல் போய் சர்க்யூட் போர்டு வந்தது. மழைக்காலத்தில் போர்டில் ஈரம் ஏறியது. சால்டரிங் செய்கிற பெண் ஒருத்தி யாரையும் கேட்காமல் போர்டு மேல் நெயில் பாலிஷ் பூசிவிட்டாள். ரோஸ் கலர். சூப்பர்வைசர் கத்தினார். நான் அவளிடம், இதைக் குளிரில் வைத்துப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டேன். ஒரு வாரமாக வைத்திருக்கிறேன் அண்ணா, மூன்று போர்டு என்றாள். எனக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறாள். அந்தப் போர்டுகள் கடைசி வரை கெடவில்லை. அவள் தன் விரலைச் சந்தேகப்பட்டாள். நான் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன், என் விரல் ஒன்றைத் தவிர.

மலையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கடிதம் அடித்த அன்று ராத்திரி ரயிலிலேயே ரங்கனோடு போனேன். அவருடைய முதலாளி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ரங்கனிடம், போய் வேலையைப் பார் என்றார். சாவி இடுப்பிலேயே இருந்தது. ரங்கன் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பெட்டியோடு தோட்டத்துக்கு வந்தார்.

ஆணியை மண்ணெண்ணெயில் கழுவினேன். துணியால் துடைத்தேன். பெட்டியைக் கம்பத்தில் மாட்டி, குமிழைக் கட்டி, மூடினேன். கம்பி கோத்தேன். பிளையரை எடுத்தேன்.

ரங்கன் மூடி மேல் கையை வைத்தார்.

"இருங்க. ராத்திரி நிக்கட்டும். டக் கேட்டப்புறம் அடிங்க."

ஒரு நிமிஷம் எனக்குச் சுருக்கென்றது. அத்தனை வருஷமாக எல்லோரையும் சந்தேகப்பட்டவன் நான். என் முகத்துக்கு நேராக என்னைச் சந்தேகப்பட்ட முதல் ஆள் அவர்தான். பிளையரைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் ஒரு கம்பளி கொண்டுவந்து கொடுத்தார்.

வெளுக்கிறதற்குக் கொஞ்சம் முன்னால் புல் வெள்ளையாயிற்று. உப்பு மூட்டை அவிழ்ந்து சிந்தினது போல இருந்தது. உறைபனியை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். என் தாடை ஆடியது. பெட்டியைத் தொட்டேன். விரல் ஒட்டிக்கொண்டது. ரங்கன் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். பீடி பற்றவைக்கவில்லை.

டக்.

கீழ் வரிசையிலிருந்து அடுப்புகள் ஒவ்வொன்றாகப் பற்றின. பூ இல்லாத மரங்களுக்கு நடுவே எரிந்தன. அவர் கடைசி அடுப்பு பற்றும் வரைக்கும் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"இப்ப அடிங்க."

அழுத்தினேன். விரல் விறைத்திருந்தது. ஏழு கோணலாக விழுந்தது. மாற்றவில்லை.